நாள் தள்ளும் முன்: கருப்பைக் கழுத்துச் சீதத்தையும் கர்ப்பத்தின் ஆரம்ப அறிகுறிகளையும் அவதானிக்கும் முறை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பெரும்பாலான தமிழ்ப் பெண்கள் திருமணத்தின் பின்னரும் தாய்வீட்டிலோ அதே வளவிலோ வாழ்கிறார்கள். மகள் இந்த மாதம் கோயிலுக்குப் போகாமல் நின்றாளா, வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கு தொடங்கும்போது ஒதுங்கியிருந்தாளா என்பதையெல்லாம் அம்மாவும் பெரியம்மாவும் அவளுக்கு முன்பே கணக்கெடுத்துவிடுவதுண்டு. ‘முழுகாமல் இருக்கிறாயா?’ என்று அவர்கள் கேட்கும் முன் விடையைத் தானே அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலில், குழந்தையை எதிர்பார்த்திருக்கும் பெண்கள் பலர் உள்ளாடையில் படும் வெள்ளையைப் பார்த்து, அதன் நிறத்துக்கும் தன்மைக்கும் பொருள் தேடுகிறார்கள். கருப்பைக் கழுத்தில் சுரக்கும் சீதம் நம்பத்தக்க செய்தியொன்றைச் சொல்வது உண்மைதான். ஆயினும் அச்செய்தி சூல், அதாவது பெண்ணின் முட்டை, எப்போது வெளியேறியது என்பதைப் பற்றியது. கரு தங்கியதா என்பதை அது உறுதிப்படுத்தாது. சூல் வெளியேறிய நாளை அறிந்தவருக்கு, எந்த நாளில் பரிசோதித்தால் சரியான விடை கிடைக்கும் என்பதும் தெரிந்துவிடும் என்பதால், இவ்வழிகாட்டி சீதத்தில் தொடங்கிப் பரிசோதனைக்குச் செல்கிறது.

சீதம் ஏன் மாறுகிறது

கருப்பைக் கழுத்தின் உட்சுவரில் சீதத்தைச் சுரக்கும் நுண்ணிய மடிப்புகள் உள்ளன. இவை சூலகத்திலிருந்து வரும் ஈஸ்திரஜன், புரோஜெஸ்தரோன் என்ற இரு ஓமோன்களுக்குக் கட்டுப்பட்டவை. மாதவிடாய் நின்ற கையோடு ஈஸ்திரஜன் குறைவாக இருப்பதால் சில நாட்களுக்கு ஈரமே தெரியாமல் இருக்கலாம். சூல் முதிரத் தொடங்கியதும் ஈஸ்திரஜன் ஏறுகிறது. முதலில் சிறிதளவாகவும் ஒட்டும் தன்மையுடனும் வரும் சீதம், பின்னர் வெண்மையாகக் குழைந்து அளவிற் கூடி, சூல் வெளியேறும் நாட்களை அண்மித்ததும் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப்போல் தெளிந்து, வழுக்கி, இரு விரல்களுக்கிடையில் அறுந்துபோகாமல் நீளுகிறது. விந்தணுக்கள் கருப்பைக்குள் நீந்திச் செல்வதற்கு ஏற்ற வழி இந்தச் சீதமே. இது இருக்கும்போது அவை உடலுக்குள் ஐந்து நாட்கள் வரை உயிருடன் இருக்க முடியும். சூலுக்கோ வெளியேறியதிலிருந்து ஏறத்தாழ ஒரு நாள்தான் ஆயுள் என்பதால், கருத்தரிப்பதற்கு உகந்த நாட்கள் சூல் வெளியேறுவதற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றன.

சூல் வெளியேறிய பின் புரோஜெஸ்தரோன் மேலோங்குகிறது. ஓரிரு நாட்களுக்குள் சீதம் தடித்து, கலங்கி, குறைந்து, கருப்பைக் கழுத்தின் வாயை அடைத்துக்கொள்கிறது. பல பெண்கள் இக்காலத்தில் மீண்டும் வறட்சியை உணர்வார்கள். 1950களில் அவுஸ்திரேலியாவில் வைத்தியர் ஜோன் பில்லிங்ஸ் தொடங்கி, பின்னர் அவருடைய துணைவியாரான வைத்தியர் ஈவ்லின் பில்லிங்ஸ் இணைந்து வளர்த்தெடுத்த இயற்கைக் குடும்பத்திட்டமிடல் முறை இந்த மாற்றங்களையே அடிப்படையாகக் கொண்டது. கத்தோலிக்கத் திருமண ஆயத்த வகுப்புகளுக்குச் சென்ற வாசகர்கள் இதனைக் கேள்விப்பட்டிருக்கலாம்.

மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 14ஆம் நாளில் எல்லாப் பெண்களுக்கும் சூல் வெளியேறும் என்று நம்பிக் கணக்கிடுவது பெரும்பாலும் பிழைத்துப்போகும். மாதவிடாய்ச் சுழற்சியில் சூல் வெளியேறிய பின் வரும் பிற்பாதிதான் ஓரளவு நிலையானது. அது பொதுவாக 12 முதல் 14 நாட்கள் வரை நீடிக்கும். முற்பாதி பெண்ணுக்குப் பெண் மட்டுமன்றி, ஒரே பெண்ணுக்கும் மாதத்துக்கு மாதம் வேறுபடும். 35 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும் பெண்ணுக்கு 21ஆம் நாளளவில்தான் சூல் வெளியேறுகிறது. 14ஆம் நாளைப் பிடித்துக்கொண்டு எண்ணினால் அவர் ஒரு வாரம் முந்திப் பரிசோதித்து, ஒரு வாரம் வீணாகக் கவலைப்படுவார். நாட்காட்டியைவிடச் சீதத்தை நம்பச் சொல்வது இதனால்தான்.

எவ்வாறு அவதானிப்பது

எங்கள் வீடுகளில் மலசலகூடத்தில் தண்ணீரால் கழுவுவதே வழக்கம். கழுவிய பின் பார்த்தால் எதுவும் தெரியாது; தெரிந்தாலும் அது தண்ணீரின் ஈரமாக இருக்கும். ஆகவே சிறுநீர் கழிக்கும் முன்பே, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி உலர்த்தி, வெள்ளை நிற மென்தாளை மடித்து, முன்னிருந்து பின்னாக ஒருமுறை துடைத்துப் பார்க்க வேண்டும். தாள் தடையின்றி வழுக்கிச் செல்கிறதா, உலர்ந்து பிடிக்கிறதா என்ற உணர்வே முதற் குறிப்பு. பின்னர் தாளிற் படிந்ததைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மெதுவாக விரித்துப் பார்த்தால், அது உடனே அறுந்துவிடுகிறதா, ஒட்டுகிறதா, நீளுகிறதா என்பது தெரியும். விரலை உள்ளே செலுத்திப் பார்க்கத் தேவையில்லை. அதனால் தொற்று ஏற்பட இடமுண்டேயன்றிக் கூடுதலான தகவல் எதுவும் கிடைப்பதில்லை.

ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை பார்த்து, அவற்றுள் மிகவும் தெளிந்து வழுக்கலாக இருந்ததை இரவில் ஒரே சொல்லில் குறித்துக்கொள்வது போதுமானது. ‘வறட்சி’, ‘ஒட்டல்’, ‘குழைவு’, ‘வழுக்கல்’ என்ற நான்கு சொற்களுக்கு மேல் தேவைப்படாது. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் எழுதினால் வீட்டிலுள்ள எல்லோரும் வாசிப்பார்கள் என்பதால், கைத்தொலைபேசியிலோ தனிக் குறிப்பேட்டிலோ எழுதுவது நல்லது. மாதவிடாய் தொடங்கிய நாளையும், கணவனுடன் சேர்ந்திருந்த நாட்களையும் அதனுடன் குறித்துக்கொள்ள வேண்டும். சேர்ந்திருந்த மறுநாள் வெளியேறும் விந்துத் திரவம் சீதத்தை ஒத்திருப்பதால், அந்த நாளின் அவதானிப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுவதே முறை. யோனிக்குள் வைக்கும் மருந்தைப் பாவிக்கும் நாட்களுக்கும் இது பொருந்தும். சித்திரை, வைகாசி வெக்கையில் நாள் முழுதும் வியர்த்திருக்கும்போது தோலின் ஈரத்தையும் சீதத்தையும் பிரித்தறிவது கடினமாகலாம்; அவ்வேளையில் விரலிடையே நீளுகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும், வியர்வை நீளாது.

வழுக்கலான சீதம் தெரிந்த கடைசி நாளே உச்ச நாள். மறுநாள் அது தடித்தோ வறண்டோ மாறிய பின்னரே, முந்திய நாள் உச்சமாக இருந்தது என்று சொல்ல முடியும். சூல் பெரும்பாலும் உச்ச நாளிலோ அதனை அடுத்தோ முந்தியோ ஓரிரு நாட்களுக்குள் வெளியேறியிருக்கும். குறிப்பேட்டில் வட்டமிட வேண்டிய நாள் அதுவே. மூன்று மாதங்களேனும் தொடர்ந்து குறித்த பின்னர்தான் ஒரு பெண்ணுக்குத் தன் உடலின் ஒழுங்கு பிடிபடும். நீர்க்கட்டி எனப்படும் சூலகக் கோளாறு உள்ளவர்களுக்கு வழுக்கலான சீதம் ஒரே சுழற்சியில் பலமுறை வந்து மறையலாம். குழந்தைக்குப் பாலூட்டுபவர்களுக்கும், டெப்போ என்ற கருத்தடை ஊசியை அண்மையில் நிறுத்தியவர்களுக்கும் மாதக்கணக்கில் தெளிவான ஒழுங்கு இல்லாமலிருக்கலாம். இவர்கள் சீதத்தை மட்டும் நம்பி நாட் கணக்கிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காத்திருக்கும் இரு வாரங்கள்

உச்ச நாளுக்கும் அடுத்த மாதவிடாய் வரவேண்டிய நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் பெண்கள் மிகுதியாக ஏமாறுகிறார்கள். சூலும் விந்தும் பலோப்பியன் குழாயில் சந்தித்துக் கருக்கட்டல் நிகழ்ந்தாலும், அந்தக் கரு கருப்பையை அடைந்து அதன் சுவரிற் பதிவதற்கு 6 முதல் 12 நாட்கள் வரை செல்லும். பதிந்த பின்னரே எச்.சி.ஜி. என்ற ஓமோன் தாயின் இரத்தத்திற் கலக்கத் தொடங்குகிறது; தாயின் உடல் கர்ப்பத்தை அறிந்துகொள்வது அப்போதுதான். அதற்கு முந்திய நாட்களில், கருக்கட்டல் நடந்த பெண்ணின் உடலிலும் நடக்காத பெண்ணின் உடலிலும் ஒரே புரோஜெஸ்தரோன், ஏறக்குறைய ஒரே அளவில்தான் சுரக்கிறது. மார்பு கனப்பதும், வயிறு பொருமுவதும், பகலில் தூக்கம் வருவதும், காரணமின்றி எரிச்சல் வருவதும் அந்தப் புரோஜெஸ்தரோனின் வேலைகளே. சூல் வெளியேறி மூன்றாம் நாளில் வெள்ளை கூடியிருப்பதையோ மார்பு நோவதையோ கர்ப்பத்தின் அடையாளம் என்று கொள்வதற்கு உடலியல் ரீதியாக எந்த ஆதாரமும் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது, மாதாமாதம் நம்பிக்கை வைத்து உடைந்துபோகும் பெண்களுக்குச் செய்யும் உதவி என்றே நினைக்கிறேன்.

கரு பதிந்த பின்னர் சீதத்தில் வேறுபாடு தெரியுமா என்றால், சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. வழக்கமாக வறண்டுபோகும் நாட்களில் இம்மாதம் மட்டும் வெண்மையான, குழைந்த சீதம் தொடர்ந்து வருவதைச் சிலர் கவனிக்கிறார்கள். வேறு சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் நாள் வரை முற்றிலும் வறட்சியாகவே இருக்கும். இருவருமே கர்ப்பிணிகளாக இருக்கலாம். இருவருமே கர்ப்பமின்றியும் இருக்கலாம். கர்ப்பம் சில வாரங்கள் வளர்ந்த பின், ஈஸ்திரஜனும் இடுப்புப் பகுதிக்கான இரத்த ஓட்டமும் கூடுவதால், பால் நிறமான, நீர்த்த, கெட்ட மணமோ அரிப்போ இல்லாத வெள்ளைபடுதல் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்குக் கூடுகிறது. அது இயல்பானது, பேறுகாலம் வரை தொடரக்கூடியது. அதைக் கண்டு பயந்து உள்ளே தண்ணீர் பீச்சிக் கழுவுவதும், கிருமிநாசினி கலந்த நீரைப் பாவிப்பதும் யோனியின் இயல்பான அமிலத்தன்மையைக் கெடுத்துத் தொற்றுக்கு வழிவிடும். வெளிப்புறத்தை வெறும் நீரால் கழுவி, பருத்தி உள்ளாடையை நாளுக்கு இருமுறை மாற்றினால் போதுமானது.

ஏனைய அறிகுறிகள்

ஒழுங்காக மாதவிடாய் வரும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போவதே எல்லாவற்றிலும் வலுவான அறிகுறி. மன அழுத்தம், உடல் எடையில் திடீர் மாற்றம், தைரொயிட் கோளாறு, நோய், நீண்ட பயணம் ஆகியவற்றாலும் மாதவிடாய் தள்ளிப்போகலாம் என்பதால், அதுவும் முடிவான சான்றல்ல.

ஓங்காளமும் சத்தியும் பொதுவாகக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணி ஐந்தாம், ஆறாம் வாரங்களில் தொடங்குகின்றன. அதாவது நாள் தள்ளி ஒன்றிரண்டு வாரங்களின் பின். காலையில் மட்டுமே வரும் என்ற நியதியில்லை. அதற்குச் சற்று முன்னரே மணங்கள் தாங்க முடியாமற் போவதைப் பலர் சொல்கிறார்கள். வாவி மீனும் கடல் மீனும் நாள்தோறும் ஆக்கும் எங்கள் குசினிகளில் இது விரைவாகவே வெளிப்பட்டுவிடும். நேற்றுவரை ருசித்துச் சாப்பிட்ட மீன் குழம்பு கொதிக்கும் வாடை பட்டதும் ஒரு பெண் முற்றத்துக்கு ஓடினால், வீட்டிலுள்ள முதியவர்கள் அதற்கு மேல் விளக்கம் கேட்பதில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை விரதத்தாலோ நோன்பாலோ வெறும் வயிற்றோடிருந்து வரும் குமட்டலும், வயிற்றுப் புண்ணால் வரும் குமட்டலும் இதைப் போன்றே இருக்கும்.

அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது, மலச்சிக்கல், மார்புக் காம்பைச் சுற்றிய பகுதி கருமையாவது, வாயில் உலோகச் சுவை ஆகியனவும் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் வரலாம். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் இருந்தால் அது கர்ப்ப அறிகுறியைவிடச் சிறுநீர்த் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். களைப்பு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வயல் வேலையும் வெயிலும் உள்ள இடத்தில் களைப்புக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

உடல் வெப்பநிலையைக் குறிப்பவர்களுக்கு இன்னொரு துப்பு உண்டு. காலையில் கண்விழித்ததும், எழுந்து நடமாடும் முன் அளந்தால், சூல் வெளியேறிய பின் வெப்பநிலை ஏறத்தாழ 0.3 முதல் 0.5 பாகை செல்சியஸ் வரை கூடி, மாதவிடாய் வரும்போது மீண்டும் இறங்குவதைக் காணலாம். காய்ச்சல் இல்லாமலேயே அந்த உயர்வு 18 நாட்களுக்கு மேல் நீடித்தால் கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். மாரி மழையோடு டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலோ உடல் நோவோ இருந்தால் இந்தக் கணக்கை விட்டுவிட்டு வைத்தியரைக் காண வேண்டும். அவ்வேளையில் பரசிற்றமோல் தவிர வேறு வலிநிவாரணி எதையும் தாமாக எடுக்கக் கூடாது.

மாதவிடாய் வரவேண்டிய நாட்களையொட்டி இளஞ்சிவப்பாகவோ கபில நிறமாகவோ ஓரிரு துளிகள் படுவதைக் கரு பதிவதன் அடையாளம் என்று பலரும் சொல்வதுண்டு. துளியைப் பார்த்து அப்படியென்று தீர்மானிக்க எவராலும் முடியாது. அதேவேளை, வழக்கத்தைவிட மிகக் குறைவாக வந்து நின்றுவிட்ட உதிரத்தை மாதவிடாய் என்று எண்ணி விட்டுவிடுவதும் தவறு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: பரிசோதித்துப் பார்ப்பது.

எப்போது, எப்படிப் பரிசோதிப்பது

உச்ச நாளிலிருந்து 15 அல்லது 16 நாட்கள் கடந்தும் மாதவிடாய் வராவிட்டால் பரிசோதிக்கலாம். பாமசிகளில் வைத்தியரின் துண்டில்லாமலே வாங்கக்கூடிய பரிசோதனைப் பட்டிகள் சிறுநீரிலுள்ள எச்.சி.ஜி. ஓமோனைக் கண்டறிகின்றன. ஆரம்ப வாரங்களில் இவ்வோமோன் ஏறத்தாழ இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாவதால், இன்று இல்லையென்று காட்டிய பட்டி மூன்று நாட்களின் பின் ஆம் என்று காட்டுவது வியப்புக்குரியதல்ல. வெயிலுக்குச் சூடேறும் தகரக் கூரையின் கீழோ மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ பட்டியை வைக்கக் கூடாது. பெரும்பாலானவற்றின் உறையில் 30 பாகைக்கு மேற்படாமல் வைக்குமாறு குறிக்கப்பட்டிருக்கும். காலாவதித் திகதியையும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலையில் கழிக்கும் முதற் சிறுநீரைச் சுத்தமான, உலர்ந்த கிண்ணத்தில் எடுத்து, பட்டியில் குறித்த எல்லைக்கோட்டைத் தாண்டாமல் அமிழ்த்தி, உறையிற் சொல்லப்பட்ட நேரத்துக்குள் வாசிக்க வேண்டும். இரு கோடுகள் தெரிந்தால், இரண்டாவது மங்கலாக இருந்தாலும், கர்ப்பம் என்றே பெரும்பாலும் பொருள். பட்டி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடே வராவிட்டால் பட்டி பழுதானது. நேரம் கடந்தபின், பட்டி உலரும்போது தோன்றும் சாம்பல் நிறக் கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. குப்பைக்குள் போட்ட பட்டியை மாலையில் மீண்டும் எடுத்துப் பார்ப்பது மனதைக் குழப்புமேயன்றி உதவாது. சீனி, உப்பு, பற்பசை ஆகியவற்றில் சிறுநீரை ஊற்றிப் பார்க்கும் வீட்டுச் சோதனைகள் எதையும் நிறுவுவதில்லை. குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்காக எச்.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்டவர்கள் எந்த நாளிற் பரிசோதிப்பது என்று தமது வைத்தியரிடமே கேட்க வேண்டும், ஏனெனில் ஊசியின் மருந்தே பட்டியில் கோடாகத் தெரியக்கூடும். இல்லையென்று விடை வந்தும் மாதவிடாய் வராவிட்டால் ஒரு வாரத்தின் பின் மறுபடி பரிசோதித்து, அப்போதும் அதே விடையானால் வைத்தியரைச் சந்திக்க வேண்டும்.

தாமதிக்கக் கூடாத நிலைமைகள்

சீதம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், கெட்ட வாடை வீசினாலும், அரிப்புடன் கட்டிகட்டியாக வெள்ளை வந்தாலும், சாம்பல் நிறத்துடன் மீன் நாற்றம் அடித்தாலும் அது தொற்று. கர்ப்பமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிகிச்சை தேவை. சிலவகைத் தொற்றுகளுக்குக் கணவனும் சேர்ந்தே மருந்தெடுக்க வேண்டும். வெட்கத்தால் மாதக்கணக்கில் மறைத்து வைத்திருக்கும் பெண்கள் எமது ஊர்களில் அநேகர்.

அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடுமையான வலி, தோள்முனையில் நோவு, தலைச்சுற்று அல்லது மயக்கம், இவற்றுடன் சிறிதளவேனும் இரத்தப்போக்கு என்பன கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் பலோப்பியன் குழாயில், தங்கியிருப்பதைக் குறிக்கலாம். அது வெடித்தால் சிறிது நேரத்திலேயே உயிராபத்து ஏற்படும். கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான லூப் வைத்திருக்கும்போது கர்ப்பமானவர்களிடம் இந்தச் சந்தேகம் கூடுதலாக எழ வேண்டும். படுவான்கரை போன்ற தூரப் பகுதிகளில் இருப்பவர்கள் வலி கூடும் வரை காத்திராமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழைத்து, அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்; தேவைப்படின் அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறை பொது வைத்தியசாலைக்கோ மாற்றுவார்கள்.

இரு கோடுகள் தெரிந்த பின்

மாதவிடாய் தள்ளிய நாளிலேயே கர்ப்பத்துக்கு நான்கு வாரம் ஆகிவிட்டது என்று வைத்தியர்கள் கணக்கிடுவார்கள், ஏனெனில் எண்ணிக்கை கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்தே தொடங்குகிறது. உறவினருக்கு அறிவிப்பதை மூன்று மாதம் வரை ஒத்திவைப்பது அவரவர் விருப்பம்; ஆனால் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது ஊரின் மிட்வைஃபிடம், அறிவிப்பதை ஒத்திவைக்கக் கூடாது. எட்டு வாரம் முடியும் முன் பதிவு செய்துகொள்வதே விரும்பத்தக்கது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கும் கர்ப்பிணிகள் கிளினிக்கில் இரத்த வகை, இரத்தச்சோகை, சீனி, பாலியல் நோய்கள் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் இலவசமாகவே செய்யப்படுகின்றன.

போலிக் அமிலக் குளிசையைக் கர்ப்பத்தை எதிர்பார்க்கத் தொடங்கும்போதே எடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் பரிந்துரைக்கிறது. குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய் கருக்கட்டலிலிருந்து ஏறத்தாழ 28 நாட்களில், பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே தெரியாத காலத்தில், மூடிவிடுகிறது. இதுவரை எடுக்காதவர்கள் அன்றே மிட்வைஃபிடம் கேட்டுத் தொடங்கலாம். வலிப்பு, சீனி, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு நெடுநாளாக மருந்தெடுப்பவர்கள் குளிசைகளைத் தாமாக நிறுத்திவிடாமல், அவற்றைக் கையிலெடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்ட வேண்டும். சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் திடீரென நிறுத்துவது சிலருக்குக் கர்ப்பத்தைவிட ஆபத்தானது.

முதற் கிளினிக்கில் கடைசி மாதவிடாயின் திகதியைக் கேட்பார்கள். ஒழுங்கற்ற மாதவிடாய் உள்ளவர்கள் அத்துடன் உச்ச நாளையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அவர்களுடைய கர்ப்பத்தின் உண்மையான வயது மாதவிடாய்க் கணக்கைவிட ஓரிரு வாரம் குறைவாக இருக்கலாம். அது தெரியாமல் ஆறாம் வாரம் என்று எண்ணி ஸ்கான் செய்து, இதயத் துடிப்பைக் காணவில்லை என்று கலங்குவதைத் தவிர்த்து, பத்துப் பதினான்கு நாட்களின் பின் மீண்டும் பார்க்குமாறு வைத்தியரால் சொல்ல முடியும்.